மெழுகுத் துணி விற்று வாங்கிய கிராமம்

படம் வரைந்து பிழைக்க முடியுமா? நம்மூரில் எந்த வீட்டுத் திண்ணையில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "வரையறதெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" 1960-களில் சென்னை கலைத்தொழில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த முப்பது நாற்பது பேருக்கு இது வெறும் பேச்சாக இல்லை. படிப்பு முடிந்து பட்டயம் கைக்கு வரும் நாள் நெருங்க நெருங்க அது வயிற்றைப் பிசையும் கேள்வி. அவர்கள் தேடிக்கொண்ட பதில் இன்றைக்கும் ஈஞ்சம்பாக்கத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பெயர் சோழமண்டல ஓவியர் கிராமம்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி எல்லாம் கடந்தால் இடது கைப்பக்கம் வரும். வார இறுதியில் இந்தச் சாலையில் பறக்கும் கார்களில் பத்தில் ஒன்றாவது இங்கே நிற்குமா என்பது சந்தேகம்தான். நின்று உள்ளே போகிறவர்களுக்கு முதலில் தெரிவது சிற்பத் தோட்டம். கருங்கல்லில் செதுக்கியவை, இரும்பிலும் செம்பிலும் பற்றவைத்தவை, வெளிநாட்டுச் சிற்பிகள் வந்து செய்தவை என்று மரநிழலில் அங்கங்கே நிற்கின்றன. பெரிய அறிவிப்புப் பலகையோ கயிற்று வேலியோ கிடையாது. காய்ந்த இலை சிற்பத்தின் மடியில் விழுந்து கிடக்கும். பக்கத்திலேயே அருங்காட்சியகம். அதைத் தாண்டி ஓவியர்களின் வீடுகள். வீடுகளுக்கு அப்பால் கடல்.

இதற்கு 'இயற்கைக் காப்பகம்' என்று அரசிதழில் பெயர் இல்லை. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இடம் எப்படிப்பட்டது என்று புரியும். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் (2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது). கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே ஒரு மெல்லிய மணல் நாடா. அந்த நாடாவின் மேல்தான் இந்தக் கிராமம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் கடற்கரை இது.

இயற்கைக்கு நடுவே ஓவிய அருங்காட்சியகம், அதோடு ஒரு சிற்பத் தோட்டம். உலகத்தில் இதற்குப் பெயர் போனது நெதர்லாந்தில் இருக்கும் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம். ஹோகே வெலுவே என்ற தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுமார் 5400 ஹெக்டேர் காடு, புதர்வெளி, மணல்மேடு. அதன் நடுவில் வான்கோவின் ஓவியங்கள் மட்டும் 90 அளவுக்கு உள்ள கட்டிடம். அதைச் சுற்றி 1961-இல் திறந்த சிற்பத் தோட்டம். இதை உண்டாக்கியவர் ஹெலன் க்ரோலர்-முல்லர் என்ற பெண்மணி. அவருடைய அப்பாவின் கப்பல், இரும்புத்தாது வியாபாரத்தைக் கணவர் எடுத்து நடத்தினார். கணவர் வேட்டைக்காகக் காடு காடாக நிலம் வாங்கினார், மனைவி படம் படமாக வாங்கினார். பிறகு கம்பெனிக்கு நெருக்கடி வந்தது. 1935-இல் ஓவியங்களை எல்லாம் அரசிடம் கொடுத்துவிட்டு, 'எங்கள் பூங்காவில் ஒரு அருங்காட்சியகம் கட்டுங்கள்' என்று நிபந்தனை போட்டார்கள். 1938-இல் கட்டிடம் திறந்தது. அடுத்த ஆண்டே அந்த அம்மா இறந்துபோனார்.

அங்கே முதலில் பணம் வந்தது, பிறகு நிலம், பிறகு ஓவியம். ஓவியர் யாரும் அந்தக் காட்டில் குடியிருக்கவில்லை. வான்கோ உயிரோடு இருந்தவரை விற்ற படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதும் நமக்குத் தெரியும். ஈஞ்சம்பாக்கத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் ஓவியர்கள் வந்தார்கள். பிறகு நிலம். பணம்... அது கடைசிவரை இழுபறிதான். அருங்காட்சியகம் வர 43 வருடம் பிடித்தது.

சரி, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னையின் கலைத்தொழில் பள்ளியை 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தார். சில வருடங்களில் அரசு எடுத்துக்கொண்டது. பெயரிலேயே 'தொழில்' இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஓவிய மேதைகளை உருவாக்குவது அன்றைய நோக்கமில்லை. பானை, மரவேலை, உலோகவேலை என்று விற்கக்கூடிய பொருள்களைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்தப் பள்ளிக்கும் சம்பந்தம் உண்டென்றால் நம்புவீர்களா? 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்கத் தொடங்கினார். அது நன்றாக ஓடி, தனிக் கம்பெனியாகவே பிரிந்து போனது. ஆக ஓவியப் பள்ளி வியாபாரம் செய்வது சென்னைக்குப் புதிதில்லை.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தபின் காற்று திசை மாறியது. மெரினாவில் நாம் எல்லாரும் பார்த்து வளர்ந்த உழைப்பாளர் சிலை இவர் செய்தது. இவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன, கைத்தொழில் பின்னுக்குப் போனது. 1957-இல் அவர் ஓய்வுபெற்றபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மாணவர், கே.சி.எஸ்.பணிக்கர்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. குடும்பச் சூழலால் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வயதில்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-இல் நண்பர்களோடு சேர்ந்து 'முற்போக்கு ஓவியர் சங்கம்' தொடங்கினார். பம்பாயில் சூசா, ஹுசேன், ரசா எல்லாம் சேர்ந்து ஆரம்பித்த புகழ்பெற்ற முற்போக்குக் குழு 1947-இல் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னை மூன்று வருடம் மூத்தது! ஆனாலும் இந்திய நவீன ஓவியம் என்று பேச்செடுத்தால் பம்பாய் பெயர்தான் முதலில் வருகிறது. அங்கே வாங்க ஆள் இருந்தது, எழுத ஆள் இருந்தது. இங்கே இரண்டும் குறைவு.

வாங்க ஆள் இல்லை என்பதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அன்றைக்கு ஓவியப் பட்டயம் வாங்கிய ஒரு பையனுக்குச் சென்னையில் என்ன வழி இருந்தது? பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆகலாம். விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். சினிமா பேனர் எழுதலாம். நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை சிலருக்குக் கிடைத்தது. இதில் எதில் போனாலும் முழுநாளும் அதற்கே போய்விடும். மாலையில் வீடு திரும்பிப் படம் வரைகிறேன் என்பவன் இரண்டு வருடத்தில் வரைவதை நிறுத்திவிடுவான். தன் கண் முன்னால் நல்ல மாணவர்கள் இப்படிக் காணாமல் போவதைப் பணிக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கண்ட வழி மிக எளிமையானது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடு, மிச்சத்தை உன் ஓவியத்துக்கு வைத்துக்கொள். கைவினை சோறு போடட்டும், ஓவியம் யாருக்கும் தலைவணங்காமல் இருக்கட்டும். பணத்துக்காக ஓவியத்தை வளைக்க வேண்டாம், வளைப்பதற்கு வேறு பொருள் இருக்கிறது என்கிற மாதிரி. இதற்காக ஓவியர் கைவினைச் சங்கம் என்ற அமைப்பு உருவானது. தோல் பொருள், உலோக வேலை, மரச் செதுக்கு, மண்பாண்டம் எல்லாம் செய்தார்கள். எல்லாவற்றையும் விட நன்றாக விற்றது பாத்திக் துணி.

பாத்திக் என்பது மெழுகை வைத்துச் சாயம் தோய்க்கும் வேலை. வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே உருகிய மெழுகைத் தூரிகையால் பூச வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். சாயம் சூடாக இருக்கக்கூடாது, இருந்தால் மெழுகு கரைந்து ஓடிவிடும். மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஏறாது. காய்ந்ததும் இப்போது ஏறிய நிறத்தில் எது அப்படியே நிற்க வேண்டுமோ அதன்மேல் மறுபடி மெழுகு, மறுபடி அடுத்த சாயம். இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும், திரும்பி வர முடியாது. துணியை மடக்கும்போது மெழுகில் விரிசல் விழும். அந்த விரிசல் வழியே சாயம் கசிந்து தலைமுடி போன்ற கோடுகள் உண்டாகும். அந்தக் கோடு விழுந்தால்தான் பாத்திக்குக்கு அழகே. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். ஒரு ஓவியனுக்கு இது கை வந்த வேலை, ஆனால் வாங்குகிறவருக்கு இது ஒரு திரைச்சீலை, ஒரு புடவை, சுவரில் மாட்டும் ஒரு துணி. 'நவீன ஓவியம் புரியவில்லை' என்று சொல்கிற அதே ஆள் பாத்திக் துணியை ஆசையாக வாங்கிக்கொண்டு போவார். (இரண்டையும் வரைந்தது ஒரே கைதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.)

விற்ற பணத்தில் ஒரு பங்கு செய்தவருக்கு, ஒரு பங்கு பொதுநிதிக்கு. இந்தப் பொதுநிதிதான் முக்கியம். இல்லையென்றால் முப்பது பேரும் சில்லறைக்குத் துணி விற்ற முப்பது தனி ஆட்களாகவே போயிருப்பார்கள். நிதி சேர்ந்தபின் நிலம் தேடினார்கள். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். அரசு கொடுத்த மானிய நிலம் இல்லை, பணக்காரர் யாரும் எழுதிவைத்த சொத்தும் இல்லை. துணி விற்ற காசு. அப்போது ஈஞ்சம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். சென்னைக்காரர்களுக்கு அது ஊருக்கு வெளியே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பத்து ஏக்கரென்றால் 4,35,600. சென்னைக் கணக்கில் 2400 சதுர அடி ஒரு கிரவுண்டு, ஆக 181 கிரவுண்டுக்குச் சற்று மேல். முப்பது பேருக்கு வகுத்தால் தலைக்கு ஆறு கிரவுண்டு. (அப்படிச் சரிசமமாக வெட்டிக் கொடுக்கவில்லை, பொது இடமும் அதில் அடக்கம், ஒரு அளவு பிடிபடுவதற்காகத்தான் இந்த வகுத்தல்.) இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆறு கிரவுண்டு என்றால் என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1966-இல் அது மணல். மின்சாரம் இல்லாத, மழைக்காலத்தில் பாம்பு வரும் மணல். பக்கத்தில் மீனவர் குப்பம், பனை, சவுக்குத் தோப்பு. முதலில் வந்தவர்கள் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு தங்கினார்கள்.

இந்தச் சவுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரையின் இயற்கையான அடையாளமே சவுக்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பெருமளவில் நட்டு வளர்த்த பயிர். சென்னைக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேண்டியிருந்தது, மணலில் வேறொன்றும் சீக்கிரம் வளரவில்லை. மனிதன் லாபத்துக்காக நட்டதே நாளடைவில் இயற்கைக் காட்சியாகிவிட்டது. நெதர்லாந்தின் வெலுவே காட்டிலும் இதே கதைதான், பறக்கும் மணலைப் பிடித்துக் கட்ட நட்ட பைன் மரங்கள் அங்கே ஏராளம். இரண்டு இடத்திலும் கலை வந்து உட்கார்ந்தது மனிதன் மரம் நட்ட மணலில்.

பெயருக்கு வருவோம். 'சோழமண்டலம்' என்பதைத்தான் ஐரோப்பியர்கள் வாயில் போட்டு மென்று 'கோரமண்டல்' ஆக்கினார்கள். ஓவியர்கள் பழைய பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளில் அவர்களைப் பிடித்து ஆட்டிய இன்னொரு கேள்வி இந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஐரோப்பிய நவீன ஓவியத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதா, அல்லது இந்த மண்ணிலிருந்து நவீனம் என்று ஒன்று வர முடியுமா? பணிக்கர் 1954-இல் ஐரோப்பா போய்வந்ததிலிருந்து இதைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். 1963 வாக்கில் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையை எழுதத் தொடங்கினார். எழுத்துப் போல இருக்கும், படிக்க வராது. ஜாதகக் கட்டம் போல இருக்கும், பலன் சொல்லாது. கணக்கு நோட்டின் பக்கம் போல இருக்கும், விடை வராது. ஆனால் பார்த்த உடனே இது நம் வீட்டுப் பரணில் கிடந்த ஏதோ ஒன்று என்று தோன்றிவிடும்.

கிராமத்துக்கு வந்தவர்களின் பட்டியல் நீளம். சுல்தான் அலி, ஹரிதாசன், சேனாதிபதி, ஜெயபால பணிக்கர், வாசுதேவ், அர்னவாஸ், விஸ்வநாதன், நந்தன், கோபிநாத், வெங்கடபதி, பிற்பாடு டக்ளஸ்... தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே தெருவில். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பி ஆனார். பட்டியலை இத்தோடு விட்டுவிடலாம், ஒருவரைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும்.

கே.ராமானுஜம். மற்றவர்களோடு சரளமாகப் பேசிப் பழக முடியாதவர். படிப்பு ஏறவில்லை. பேனாவும் மையும் கொடுத்தால் மட்டும் ஒரு உலகமே இறங்கிவரும். மாளிகைகள், பறவைகள், பாம்புகள், பறக்கும் பெண்கள், இடுக்கு விடாமல் நெருக்கமாகப் போட்ட கோடுகள், அதற்கு நடுவே தொப்பி போட்ட ஒரு ஆள். அந்த ஆள் அவரேதான். வேறு எந்த இடத்திலும் இவரைப் போன்ற ஒருவருக்கு ஓவியராக வாழ ஒரு கூரை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பணிக்கர் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார், கிராமம் இடம் கொடுத்தது. ஆனாலும் தனிமை அவரை விடவில்லை. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தபோது, 1973-இல், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று சென்னை இயக்கத்தின் ஓவியங்களில் மிகவும் தேடப்படுபவை அவருடையவை. கூட்டுறவுச் சங்கம் நிலம் வாங்கித் தரும், வீடு கட்டித் தரும். எல்லாவற்றையும் தந்துவிடாது.

இதே சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கே இருப்பதும் கடற்கரை மணலில் ஒரு சிற்பத் தோட்டம்தானே என்று கேட்கலாம், பல்லவர் 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. கூரை கிடையாது, வேலி பின்னால் வந்தது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும்பாறையின் முன்னால் ஆடுகள் மேய்ந்திருக்கின்றன, பிள்ளைகள் ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள். 1957-இல் அங்கே அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது, பிற்பாடு கல்லூரியானது. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இன்றும் ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒன்பது வருட இடைவெளியில் ஒரே கடற்கரையில் இரண்டு முயற்சிகள். ஒன்றில் சாஸ்திரம் சொல்லும் அளவுப்படி விநாயகர் செய்வார்கள், வாங்குவதற்குக் கோயிலும் சுற்றுலாக்காரரும் உண்டு. மற்றொன்றில் அளவே கிடையாது, வாங்குபவர் வருவாரா என்பதும் தெரியாது. 'அது கைவினை, இது கலை' என்று நடுவில் கோடு கிழிப்பது நம்மவர்களுக்கு வழக்கம். ஆனால் சோழமண்டலத்துச் சிற்பத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு நிற்காது. பி.வி.ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பியைப் பற்றவைத்துச் செய்த உருவங்களைப் பார்க்கிறவர்களுக்குக் கோயில் கவசம் நினைவுக்கு வரும். முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை, பின்பக்கம் அதிகம் இருக்காது. கருவறை மூர்த்தியை நாம் பின்னால் போய்ப் பார்ப்பதில்லையே! நந்தகோபாலும் அந்த வழியில்தான் போனார், எனாமலும் வெள்ளிப் பூச்சும் சேர்த்துக்கொண்டு. ஐரோப்பாவில் சிற்பமென்றால் சுற்றி வந்து பார்க்க வேண்டும். இங்கே எதிரில் நின்று பார்த்தால் போதும். மாமல்லபுரத்துப் பாறையும் அப்படித்தானே நிற்கிறது? பாத்திக்கும் தகட்டு வேலையும் சோற்றுக்காகச் செய்த பக்கத் தொழில் என்று சிலர் இன்றும் சற்றுச் சங்கடத்தோடு பேசுகிறார்கள். கை அந்த வேலையில் பழகியிருக்காவிட்டால் இந்தச் சிற்பங்கள் வந்தே இருக்காது என்பதுதான் நியாயமான பார்வை.

எல்லாரும் அங்கேயே இருந்துவிடவில்லை. விஸ்வநாதன் 1968-லேயே பாரிஸ் போனார். வாசுதேவ் 1988-இல் பெங்களூர் போனார், அந்த ஆண்டுதான் அவர் மனைவி அர்னவாஸ் இறந்தார். பணிக்கர் 1977-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பணிக்கரின் ஓவியங்களுக்கென்று நிரந்தரக் காட்சிக்கூடம் முதலில் அமைந்தது அவர் உண்டாக்கிய கிராமத்தில் இல்லை. தன் ஓவியங்களைக் கேரளத்துக்கு அவர் கொடுத்திருந்ததால் 1970-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் அமைந்தது. சோழமண்டலத்தில் அருங்காட்சியகம் வந்தது 2009-இல். முற்போக்கு ஓவியர் சங்கத்து ஆட்களின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததில் நந்தகோபாலின் உழைப்பு பெரிது. 'சென்னை இயக்கம்' என்று புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இங்கேதான் வர வேண்டும். அதோடு இரண்டு காட்சிக்கூடங்களும் இருக்கின்றன, வெளியாட்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் படங்களை மாட்டலாம். அந்த வாடகை கிராமத்துக்கு வருமானம். 1960-களில் துணி செய்த வேலையை இப்போது சுவர் செய்கிறது. நந்தகோபால் 2017-இல் காலமானார்.

இதற்கிடையில் சுற்றுப்புறம் அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. அதே சாலையில் 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது, 1996-இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வந்தது. சாலை அகலமானது, சுங்கச்சாவடி வந்தது. செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த ஈஞ்சம்பாக்கம் 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது, 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, 2018-இல் சென்னை மாவட்டமே ஆகிவிட்டது. மறு ஆண்டு செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானபோது ஈஞ்சம்பாக்கம் அதில் இல்லை. கிராமம் ஒரு அடிகூட நகரவில்லை, அதைச் சுற்றிக் கோடுகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. பத்து ஏக்கருக்கு வெளியே சவுக்குத் தோப்பெல்லாம் பங்களாவும் உணவகமும் ஆனபின், உள்ளே நின்ற மரங்கள்தான் மிச்சம். காப்பகம் என்று யாரும் அறிவிக்காமலே அது காப்பகமானது அப்படித்தான்.

1966-இல் முப்பது வயதுக்குள் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். வீடுகள் அடுத்த தலைமுறையின் கையில். அவர்களில் ஓவியர்களும் உண்டு, வேறு வேலைக்குப் போனவர்களும் உண்டு. பணக்காரர் ஒருவரின் பூங்கா என்றால் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடலாம். முப்பது குடும்பங்களின் ஊரை அப்படி எழுதிவைக்க முடியாது. யார் வந்து குடியிருப்பார்கள், வருகிறவர் வரைகிறவராக இருப்பாரா என்பதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அருங்காட்சியகச் சுவரில் பணிக்கர் இருக்கிறார், ராமானுஜம் இருக்கிறார், தோட்டத்தில் சிற்பங்கள் வெயிலில் நிற்கின்றன. இந்த நிலத்தை வாங்கித் தந்த பாத்திக் துணிகளில் பெரும்பாலானவை விற்ற அன்றே ஊரெங்கும் பிரிந்து போய்விட்டன. யார் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்கிச் சாயம் போயினவோ, எந்தப் பீரோவின் அடித்தட்டில் மடித்த மடிப்பில் இன்னும் கிடக்கின்றனவோ.